தொடக்கப் பள்ளியில் லேப்டாப் வகுப்பு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்துச் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை ஒன்றியங்களில் பல பள்ளிகளுக்கு ஊர்க்காரர்கள் புண்ணியத்தில் லேப்டாப் வந்துவிட்டது. எப்படி வகுப்பு நடத்துவது என்பதுதான் கூட வரவில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் டீ குடிக்கும் நேரத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டதும் சில உண்டு. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு எல்லாம் இது தேவையா டீச்சர்?

தேவையில்லை. அந்த வயதில் விரல் பென்சிலைப் பிடித்துப் பழக வேண்டும், வாய் திறந்து கதை சொல்ல வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' பயிற்சிநூல், அட்டைகள், பாட்டு இவற்றுக்கே நேரம் போதவில்லை. மூன்றாம் வகுப்பில் ஆரம்பியுங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு போதும்.

பெரிய பிள்ளைகள் செய்வதைப் பார்த்துச் சின்னதுகள் ஆசைப்பட்டால், மாதத்தில் ஒரு நாள் படம் வரையவிடுங்கள். ஆசை தீரும். அதற்கு மேல் அவசரம் ஒன்றுமில்லை.

2. எங்க கிளாஸ்ல 28 பிள்ளைக. லேப்டாப் ஒம்பதுதான் இருக்கு. எப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறது?

ஒன்பதையும் எடுக்காதீர்கள். ஏழை மட்டும் எடுங்கள். 14 பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஏழு லேப்டாப்பில் உட்காரட்டும். மீதி 14 பேர் அதே பாடத்தை நோட்டில் செய்யட்டும். பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள். பீரோவில் இருக்கும் இரண்டும் கெட்டுப்போனால் மாற்றிக் கொடுக்க. ஏதாவது ஒன்று நடுவில் நின்றுபோகாத வகுப்பை நான் பார்த்ததில்லை. மாற்று கையில் இல்லாவிட்டால் அந்த ஒன்றைப் பார்க்கக் குனிவீர்கள், மீதி 26 பேர் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு பேரில் ஒருவர் கை வைப்பவர், ஒருவர் வழி சொல்பவர். வழி சொல்பவர் சாவியைத் தொடக் கூடாது, கை வைப்பவர் தானாக முடிவெடுக்கக் கூடாது. ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்கள் மணி அடித்தால் மாறிக்கொள்வார்கள். ஆளுக்கொரு லேப்டாப் இருந்தாலும் தொடக்கப் பள்ளியில் நான் இரண்டு பேரைத்தான் உட்காரவைப்பேன். பேசிக்கொண்டே செய்கிற பிள்ளைக்கு என்ன புரிந்தது, எங்கே இடறுகிறது என்பது என் காதில் விழும். தனியாக உட்கார்ந்த பிள்ளை என்ன நினைக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

3. எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கவே கால் மணி நேரம் போயிடுது. பீரியடே 40 நிமிஷம்தான்.

லேப்டாப்புக்கு நம்பர் ஒட்டுங்கள். அதன் சார்ஜருக்கும் அதே நம்பர். ஒரு ஜோடிக்கு வருடம் முழுக்க ஒரே நம்பர். 'எனக்கு அது, உனக்கு இது' என்ற சண்டை முதல் வாரத்தோடு போய்விடும். யாருக்கு எந்த நம்பர் என்பதை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டினால் உங்களிடம் கேட்கவும் வரமாட்டார்கள்.

வகுப்பு தொடங்கும் முன்பே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆன் செய்து வைத்துவிடட்டும். பழைய லேப்டாப் ஆன் ஆகவே நாலைந்து நிமிடம் எடுக்கும்; அதைப் பிள்ளைகள் முன்னால் வைத்து எடுக்கவிடக் கூடாது. பிள்ளைகளுக்கென்று பாஸ்வேர்ட் இல்லாத ஒரு பொதுக் கணக்கு போதும். ஆசிரியர் கணக்குக்கு மட்டும் பாஸ்வேர்ட் வையுங்கள். தூக்கும் விதத்தை ஒருநாள் தனியாகப் பழக்குங்கள்: மூடி, நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையால். ஸ்கிரீனைப் பிடித்துத் தூக்கினால் கீல்தான் முதலில் போகும்.

4. நான் பேசும்போது ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கிறதில்ல. தொண்டை கிழிஞ்சதுதான் மிச்சம்.

திறந்த ஸ்கிரீனோடு நம் குரல் போட்டி போட முடியாது. சொல்ல வேண்டியதை மூடி திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்தால் முடிந்தது, முடிந்தபின் என்ன வேலை என்று மூன்றும் போர்டில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை எழுப்பி அதையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கப்புறம் திறக்கட்டும்.

நடுவில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் 'நாலு விரல்' என்பது எங்கள் வகுப்புச் சொல். மூடியை முழுக்க மூடாமல் நாலு விரல் நுழையும் அளவுக்கு இறக்கிவைத்துக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முழுக்க மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், எழுப்ப நேரமாகும். முதல் இரண்டு வாரம் இதை விளையாட்டாகவே பழக்குங்கள், எந்த வரிசை முதலில் இறக்குகிறது என்று. அப்புறம் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நாலு விரலைக் காட்டினால் போதும்.

நீங்கள் நிற்கும் இடமும் முக்கியம். நாற்காலியும் போர்டும் முன்னால் இருக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அங்கிருந்தால்தான் எல்லா ஸ்கிரீனும் ஒரே பார்வையில் தெரியும்.

5. எங்க பள்ளிக்கூடம் பழைய வீட்டுக் கட்டடம். வளவுல இருந்து அடிக்கிற வெளிச்சத்துல ஸ்கிரீனே தெரியலங்க. எந்தப் பக்கம் உட்கார வைக்கிறது?

இது நம்ம பக்கத்துக்கே உரிய தொல்லை. நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதில் வகுப்பு. பிள்ளை வளவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வானம் முழுக்க ஸ்கிரீனில் பிரதிபலிக்கும். வளவைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். ஸ்கிரீனில் நிழல் உருவம்போலத்தான் ஏதோ தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, தோள் வளவைப் பார்க்க உட்கார வைக்க வேண்டும். காலையில் ஒரு பக்கத் தாழ்வாரம் நன்றாக இருந்தால் மத்தியானம் எதிர்ப்பக்கம் நன்றாக இருக்கும். ஒருநாள் காலை 10 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் ஒரு லேப்டாப்பைத் திறந்து எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்து பாருங்கள். அதை வைத்து டைம்டேபிள் போடுங்கள். வழவழப்பான ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் தளக்கல்) தரையும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு ஜமுக்காளம் விரித்தால் அடங்கும்.

தரையில் உட்காரும் வகுப்பானால் லேப்டாப்புக்கு அடியில் மணையோ சாய்வு மேசையோ வேண்டும். பாயிலும் ஜமுக்காளத்திலும் நேராக வைத்தால் அடியில் காற்றுப் போகும் ஓட்டை அடைபட்டுச் சூடேறும். மடியில் வைக்க விடவே கூடாது. இன்னொன்று, தாழ்வாரத்தில் ஒயர் ஓடக் கூடாது. கால் தடுக்கி இழுபட்டால் லேப்டாப் கல் தரையில்தான் விழும். வகுப்பு நேரம் முழுக்க பேட்டரியில் ஓடட்டும். சார்ஜ் தனி நேரத்தில்.

6. அப்போ சார்ஜ் எப்படிப் போடுறது? ஒரே பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வச்சுப் பத்தையும் சொருகலாமா?

கணக்கு இதுதான். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட். பத்துக்கு 650 வாட். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் சரி. ஆனால் பழைய கட்டடத்தில் ஒயரிங் எந்தக் காலத்தது, எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் நான் சரி என்று சொல்லமாட்டேன். இரண்டு பாயிண்டில் ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு பாக்ஸுக்குள் இன்னொரு பாக்ஸைச் சொருகுவது கூடவே கூடாது. ராத்திரி போட்டுவிட்டுப் பூட்டிப் போவதும் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்து, பள்ளி விடும்முன் எடுத்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. முழு சார்ஜில் நாள்கணக்கில் சும்மா கிடப்பதும் ஆகாது. மே மாத விடுமுறைக்குப் பூட்டும்போது ஏறக்குறைய பாதி சார்ஜில், ஆஃப் செய்து வையுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, மூடி சரியாக மூடாமல் இடித்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அமுக்கிப் பார்க்காமல், சார்ஜ் போடாமல், தனியாக எடுத்துக் கடையில் கொடுத்து மாற்றுங்கள். (ஐந்தாம் வகுப்பில் பேட்டரி பற்றிப் பேச்சு வந்தால் காரைக்குடி சிக்ரியைச் சொல்ல மறக்காதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் இடம் பஸ் போகும் தூரத்தில் இருப்பது எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்கும்?)

7. சிங்கப்பூர்ல இருக்கிற எங்க ஊர்க்காரர் லேப்டாப் கொடுத்துவிட்டார். பின் நம்ம பாயிண்ட்ல நுழைய மாட்டேங்குது.

அங்கே தட்டையான மூன்று பின், இங்கே உருண்டைப் பின். மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், எனவே சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. சார்ஜர் பெட்டியில் '100–240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு நம்மூர்ப் பின் வைத்த ஒயரை வாங்கிப் போட்டால் முடிந்தது. மாற்று பிளக்கைச் சொருகி அதன்மேல் சொருகுவது பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். ஆடி ஆடித் தீப்பொறி வரும்.

8. பிளஸ் டூ படிச்ச அண்ணன் அக்காவுக்கு கவர்மெண்ட்ல கொடுத்த லேப்டாப் வீட்டுல சும்மாதான கிடக்கு. கொண்டுவரச் சொல்லலாமா?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. உண்மைதான். ஆனால் அது அந்த வீட்டுப் பிள்ளையின் சொத்து. 'கொண்டுவா' என்று வகுப்பில் சொன்னால் இல்லாத வீட்டுப் பிள்ளை தலைகுனியும், இருக்கிற வீட்டில் சண்டை வரும். தானாக முன்வந்து கொடுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி வாங்குங்கள். உள்ளே இருக்கும் குடும்பப் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு முழுக்க அழித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

ரொம்ப மெதுவாக ஓடினால் விண்டோஸுக்குப் பதிலாக எடை குறைந்த லினக்ஸ் (இலவச இயங்குதளம்) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அதில் ஓடும்.

9. நெட்டே கிடைக்கல. சுவரு ரெண்டடி கனம். ஆபீஸ் ரூம்ல இருக்கிற வைஃபை வகுப்புக்கு வரமாட்டேங்குது.

வராமல் இருப்பது நல்லதுக்குத்தான் என்பேன். இந்தத் தொகுப்பில் வரும் பாதித் தொல்லைக்கு நெட்தான் காரணம். படம் வரைய டக்ஸ் பெயிண்ட், விளையாடிக்கொண்டே படிக்க ஜிகாம்ப்ரி, நிரல் எழுதிப் பழக ஸ்கிராட்ச், இந்த மூன்று மென்பொருளும் ஒருதடவை போட்டுவிட்டால் நெட் இல்லாமல் ஓடும், காசும் கிடையாது. டக்ஸ் பெயிண்டில் எனக்குப் பிடித்தது, சேமிக்கும்போது அது ஃபைல் பெயர் கேட்காது. 'டீச்சர், எங்க சேவ் பண்ண' என்ற கேள்வியே எழாது. கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தால் தேடிப் படிக்கும் பழக்கத்தையும் நெட் இல்லாமலே சொல்லித்தரலாம். பாடப்புத்தகத்தின் பிடிஎஃப், க்யூஆர் கோடுக்கான வீடியோ எல்லாம் முதல்நாள் வீட்டில் இறக்கி எடுத்து வாருங்கள்.

10. தமிழ்ல டைப் அடிக்க எதைச் சொல்லிக்கொடுக்க? போன்ல நாங்க எல்லாம் அம்மாவுக்கு ஏ-எம்-எம்-ஏன்னுதானே அடிக்கிறோம்?

நமக்கு அது பழகிவிட்டது, பிள்ளைக்கு வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தே இப்போதுதான் கூடி வருகிறது. 'ழ'வுக்கு என்ன ஆங்கில எழுத்து என்று யோசித்துத் தமிழ் எழுத வைப்பது என்ன நியாயம்? தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. புதிய விண்டோஸிலும் லினக்ஸிலும் கூடவே வருகிறது.

அதன் அமைப்பே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். உயிர் எழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் வரிசை பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் அ, இ, உ, எ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ. குறிலுக்கு மேலே நெடில். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க ஆரம்பிப்பார்கள். 'பூ' எழுத வலது கையால் ப, இடது கையால் ஊ. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரல் செய்து பார்க்கிறது. இலக்கணத்தை இவ்வளவு சுலபமாக நான் வேறு எங்கும் நடத்தியதில்லை. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று அடித்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். 'பந்து'வுக்கு ப, ந, த, உ. சில கணினிகளில் இந்தத் தானியங்கிப் புள்ளி வேலை செய்யாது. அங்கே புள்ளிச் சாவியைத் தனியாக அடிக்க வேண்டும், முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாவிமேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் கிடைத்தால் ஒட்டுங்கள். கிடைக்காவிட்டால் விசைப்பலகையைப் பெரிதாக வரைந்து ஆளுக்கொரு நகல் கொடுங்கள். கேள்வி 2-இல் நோட்டு வேலையில் இருக்கும் 14 பேர் அந்தத் தாளில் விரல் வைத்துத் தங்கள் பெயரை 'அடித்து'ப் பழகலாம்.

11. டைப்பிங் வந்துட்டா கையெழுத்து கெட்டுப்போகாதா?

வாரத்துக்கு இரண்டு வகுப்பில் கெட்டுப்போகாது. முதலில் நோட்டில் எழுது, பிறகு அதைப் பார்த்து அடி என்ற வரிசையை விடாதீர்கள்.

12. ரெண்டு பேரை உட்கார வச்சா ஒண்ணுதான் எல்லாத்தையும் செய்யுது. இன்னொண்ணு வேடிக்கை பார்க்குது.

மணி அடிக்கிறீர்களா? கேள்வி 2-இல் சொன்ன ஏழு நிமிட மாற்றம் ஒரு வாரம் விட்டுப்போனாலே இது ஆரம்பித்துவிடும். அடித்தும் இப்படி என்றால் ஜோடியைப் பாருங்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளையோடு தட்டுத்தடுமாறும் பிள்ளையைச் சேர்ப்பது நல்ல எண்ணம்தான்; ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, பிடுங்கிக்கொள்ளும். நடுத்தரத்தோடு தடுமாறுவதைச் சேருங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை ஒன்றாகவே உட்கார வையுங்கள், அவர்கள் ஒருவரை ஒருவர் சமாளித்துக்கொள்வார்கள். பையனும் பெண்ணும் சேர்ந்த ஜோடியில் பெரும்பாலும் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நான் சொல்லமாட்டேன், நீங்களே பார்ப்பீர்கள்.

இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் மவுஸை இடப்பக்கம் வையுங்கள், அந்தப் பிள்ளையை ஜோடியில் இடப்பக்கமாக உட்கார வையுங்கள். முழங்கை இடிக்காது.

13. வேகமா முடிச்சிட்ட பிள்ளைக கேம் தேட ஆரம்பிச்சிடுதுக. என்னத்தக் கொடுக்கிறது?

வேலை முடிந்த பிள்ளைக்கு அடுத்து என்ன என்று தெரியாத அந்த இரண்டு நிமிடத்தில்தான் வகுப்பு கையைவிட்டுப் போகிறது. லேப்டாப் வகுப்பில் வரும் சத்தம், சண்டை, கேம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த இரண்டு நிமிடம் இருக்கும். அதனால் வருடம் முழுக்க முடியாத ஒரு வேலை எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

நான் கொடுப்பது பூக்கல். பிள்ளைகள் தங்கள் வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ பார்த்த ஆத்தங்குடிக் கல் ஒன்றை நோட்டில் வரைந்து வர வேண்டும். டக்ஸ் பெயிண்டில் வலமும் இடமும் ஒன்றாக வரையும் கண்ணாடிக் கருவி இருக்கிறது, மேலும் கீழும் வரைவதும் இருக்கிறது. ஒரு கோடு போட்டால் எதிர்ப்பக்கம் தானாக இன்னொன்று விழும். சமச்சீர்க் கோடு எங்கே போகிறது என்பதைப் பிள்ளை அப்போது கண்ணால் பார்க்கிறது. நாலாம் வகுப்புக் கணக்கில் போர்டில் வரைந்து நான் புரியவைக்கப் பாடுபட்டது அது. ஒரு பெண் தன் வீட்டில் பட்டாலை என்கிற கூடத்தில் இருக்கும் கல்லில் பூ இதழ் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைக் கவனித்து வந்து, 'கண்ணாடி போட்டா இது வரமாட்டேங்குது டீச்சர்' என்று நின்றாள். கண்ணாடிக் கருவியை அணைத்துவிட்டு அந்த இதழுக்கு மட்டும் தனியாக நிறம் போட வேண்டும் என்று அவளும் அவள் ஜோடியும் கண்டுபிடிக்க இரண்டு வகுப்பு ஆனது.

வாய்ப்பு கிடைத்தால் ஆத்தங்குடிக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அடைப்பார்கள். பிள்ளைகள் மேலிருந்து பார்ப்பது கல்லின் அடிப்பாகத்தை; பூ கீழே கண்ணாடியை ஒட்டி இருக்கும். திருப்பி எடுத்தால்தான் தெரியும். அதன் வழவழப்புக்குக் காரணமும் அந்தக் கண்ணாடிதான்.

14. அப்படியும் கேம் விளையாடினா? நாலு அடி போட்டாத்தான் சரிப்படும்னு சில சார்மாருக சொல்றாங்க.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பேச்சுக்கே இடமில்லை. அடித்தால் பிள்ளை நிறுத்துவது விளையாட்டை இல்லை, நீங்கள் பார்க்கும்போது விளையாடுவதைத்தான்.

முதல் தடவை, பக்கத்தில் போய் நின்று ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டினால் போதும். இரண்டாம் தடவை, அன்றைக்கு அந்தப் பிள்ளை நோட்டு வேலைக்கு மாறும். ஜோடியில் இருக்கும் மற்றப் பிள்ளை தொடர்ந்து செய்யட்டும். ஒருவர் செய்ததற்கு இரண்டு பேரையும் எழுப்பினால் காட்டிக்கொடுப்பதுதான் வளரும். அடுத்த வகுப்பில் பழைய கணக்கைக் கிளறாமல் அதே இடத்தைக் கொடுங்கள்.

15. எல்லாப் பிள்ளையோட ஸ்கிரீனும் என் லேப்டாப்லயே தெரியற மாதிரி சாஃப்ட்வேர் இருக்காமே?

இருக்கிறது. வேயான் என்பது இலவசம். எல்லா லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி லேபுக்கு நல்ல பொருள். தொடக்கப் பள்ளியில் அதைப் போட்டால் நீங்களும் ஒரு ஸ்கிரீனுக்குள் தலையைவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். ஏழு லேப்டாப்புக்குப் பின்னால் நடக்க எவ்வளவு நேரமாகும்?

16. ஆச்சி, அப்பத்தாமாரெல்லாம் கண்ணு கெட்டுப்போகும்னு சண்டைக்கு வர்றாங்க. என்ன பதில் சொல்ல?

அவர்கள் பயம் தப்பில்லை, அதைத் தட்டிவிடாதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 2 மணி நேரத்துக்குள் என்று சொல்கிறது. டிவி, செல்போன் எல்லாம் சேர்த்துத்தான். பள்ளியில் நாம் கொடுப்பது வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதிலும் ஒரு பிள்ளை ஸ்கிரீன்முன் இருப்பது பாதி நேரம். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, 'வீட்டுல எவ்வளவு நேரம் போன் பார்க்குது ஆச்சி?' என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

வகுப்பில் ஸ்கிரீன் ஒரு முழங்கை தூரத்துக்கு மேல் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்க வேண்டும் என்பது கண் மருத்துவர்கள் சொல்லும் பழக்கம். ஜோடி மாறும் மணியோடு வளவைத் தாண்டி எதிர்ச்சுவரைப் பார்க்கச் சொன்னால் அதுவும் முடிந்தது. வெயில் வெளிச்சத்தில் வெளியே ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. ஆகவே விளையாட்டுப் பீரியடை வெட்டி லேப்டாப்புக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கிரீனைப் பார்க்கும்போது ஒரு பிள்ளை கண்ணைச் சுருக்கினாலோ முகத்தை ஒட்டவைத்தாலோ பெற்றோரிடம் சொல்லிக் கண் பார்க்கச் சொல்லுங்கள்.

17. எம்புள்ள கீழ போட்டு உடைச்சிட்டா நாங்க காசு கட்டணுமா டீச்சர்?

வேண்டாம். இதை லேப்டாப் வந்த முதல் மாதமே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிடுங்கள்: வகுப்பில் நடக்கும் உடைசலுக்குப் பிள்ளையிடம் பணம் வாங்குவதில்லை. இல்லையென்றால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் தொடவே பயந்து 'வழி சொல்பவராக'வே வருடம் முழுக்க இருந்துவிடும். பழுதுபார்க்கும் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை லேப்டாப் கொடுப்பவரிடம் வாங்கும்போதே பேசிவிடுவது உத்தமம்.

18. நெட் உள்ள ஒரு நாள் அசிங்கமான படம் ஒண்ணு வந்துடுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

'நாலு விரல்' சொல்லுங்கள். எல்லா மூடியும் இறங்கும், யாருடையதில் வந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பீரோவில் இருக்கும் மாற்றைக் கொடுங்கள். கேள்வி 2-இன் இரண்டு லேப்டாப் இதற்கும் உதவும். பிள்ளையை எல்லார் முன்னாலும் விசாரிக்க வேண்டாம். தனியாக, 'நீ தப்புப் பண்ணல, என்ன வந்துச்சுன்னு சொல்லு' என்று கேளுங்கள். எச்.எம்.மிடம் அன்றைக்கே சொல்லி எழுதிவையுங்கள். பெற்றோருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். பிள்ளை வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தால் கதை வேறாகிவிடும்.

யாரோ ஒருவர் பிள்ளையிடம் பேசி வரவழைத்தது போலவோ மிரட்டியது போலவோ தோன்றினால் அது வகுப்பு விஷயம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

19. பிள்ளைக லேப்டாப்போட இருக்கிற போட்டோவை ஸ்டேட்டஸ்ல போடலாமா? கொடுத்தவங்களும் கேட்கிறாங்க.

2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், முகம், பெயர், பள்ளி, ஊர் நான்கும் ஒரே படத்தில் இருப்பது யாருக்கு நல்லது? பிள்ளை வரைந்த பூக்கலைப் படமெடுத்து அனுப்புங்கள். கைகள் மட்டும் தெரியும் படமும் அழகாகத்தான் இருக்கும்.

20. எங்கது ஈராசிரியர் பள்ளி. மூணு, நாலு, அஞ்சு மூணையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். எனக்கு இதெல்லாம் ஆகுமா அக்கா?

உங்களுக்குத்தான் இது நன்றாக ஆகும். மூன்று வகுப்பும் சேர்ந்தே இருப்பதால் ஐந்தாம் வகுப்பு மூன்றுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒரு நாளில் ஒரு வகுப்புக்கு மட்டும் லேப்டாப். மற்ற இரண்டில் ஒன்று எழுத்து வேலையில் இருக்கட்டும், இன்னொன்றுக்கு நீங்கள் நேரடியாக நடத்துங்கள். லேப்டாப் வகுப்புக்கு அன்றைக்குப் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே செய்து பழகிய வேலையே இருக்கட்டும். புதியதைச் சொல்லித்தரும் நாளில் மூன்று வகுப்பும் சேர்ந்து பார்க்கட்டும். எட்டுப் பத்துப் பிள்ளைகள்தான் மொத்தம் என்றால் மூன்று லேப்டாப் போதும், மீதியைப் பக்கத்துப் பள்ளிக்கு முறையாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

21. லேப்டாப் கொடுத்தவர் திருவிழாவுக்கு ஊருக்கு வர்றார், பள்ளிக்கூடத்துக்கும் வருவாராம். ஒம்பது லேப்டாப்பையும் எடுத்து ஆளுக்கொண்ணா உட்கார வைக்கணும்னு எச்.எம். சொல்றார்.

எச்.எம்.மின் சங்கடம் புரிகிறது. ஆனாலும் பழகாத விதத்தில் உட்கார வைத்தால் அன்றைக்கென்று ஒன்று ஆன் ஆகாது, ஒன்று சார்ஜ் இறங்கும், பிள்ளைகள் முழிப்பார்கள். வழக்கம்போல ஏழு லேப்டாப், இரண்டிரண்டு பேர் என்றே நடத்துங்கள். வந்தவருக்குப் பின்னால் நாற்காலி போடாமல், ஒரு ஜோடிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் தங்கள் பூக்கலைக் காட்டி எப்படி வரைந்தோம் என்று சொல்லட்டும். அவர் வீட்டுப் பட்டாலைக் கல்லாகவே இருந்தால் எழுந்திருக்கவே மாட்டார். 'ஒம்பது கொடுத்தேனே, ரெண்டு எங்கே?' என்று கேட்டால் இருப்புப் பதிவேட்டைக் காட்டி, மாற்றுக்கு வைத்திருப்பதைச் சொல்லுங்கள். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பழுதுச் செலவைப் பற்றிப் பேசவும் அதுதான் நேரம். அன்றைக்குப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிறார்களா என்று மின்வாரிய ஆபீசில் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.